நரம்புச் செல்லுக்குச் சக்தி எப்படிப் போய்ச் சேருகிறது? மைட்டோகாண்ட்ரியாவின் பயணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"மைட்டோகாண்ட்ரியா செல்லின் மின்நிலையம்" என்ற வரியைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருப்போம். அந்த மின்நிலையம் செல்லுக்குள் எங்கே இருக்கிறது, அதை அங்கே கொண்டுபோய் வைத்தது யார் என்று அந்த வரி சொல்வதில்லை. தோல் செல்லுக்கும் ஈரல் செல்லுக்கும் இது பெரிய விஷயம் இல்லை. நரம்புச் செல்லுக்கு இதுதான் வாழ்வா சாவா என்கிற கேள்வி. இந்தப் பொருளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு, தெரிந்தவரை விளக்கமாக இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

மூளை உண்மையிலேயே அவ்வளவு சக்தியை எடுத்துக்கொள்கிறதா?

ஆமாம். வளர்ந்த ஒருவரின் மூளை சுமார் 1.4 கிலோ, அதாவது உடல் எடையில் 2 சதவீதம். ஆனால் சும்மா படுத்திருக்கும்போது உடல் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ 20 சதவீதம் மூளைக்குத்தான் போகிறது. ஐந்து வயதை ஒட்டிய குழந்தைகளில் இந்தப் பங்கு பாதியையும் தாண்டிவிடுகிறது.

செலவைவிட எனக்கு வியப்பாக இருப்பது, கையிருப்பு இல்லாமல் அது காலம் தள்ளுவதுதான். ஈரலும் தசையும் குளுக்கோஸைக் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேர்த்து வைத்துக்கொள்கின்றன. மூளையில் அது மிகக் கொஞ்சம். அதிலும் பெரும்பகுதி நரம்புச் செல்லில் இல்லை, பக்கத்திலிருக்கும் ஆஸ்ட்ரோசைட் என்ற துணைச் செல்களில் இருக்கிறது. மூளை ஓர் அன்றாடங்காய்ச்சி. அதற்குப் போகும் ரத்தம் முழுவதும் நின்றுபோனால் பத்து விநாடிக்குள் நினைவு தப்பிவிடும். சில நிமிடங்களில் செல்கள் சாகத் தொடங்கிவிடும்.

இவ்வளவும் எதற்குச் செலவாகிறது? யோசிப்பதற்கா?

நேரடியாக யோசிப்பதற்கு இல்லை. கடினமான கணக்கு ஒன்றைப் போடும்போது மூளையின் மொத்தச் செலவு ஐந்து சதவீதம்கூட ஏறுவதில்லை. சும்மா இருக்கும்போதே செலவு உச்சத்துக்குப் பக்கத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

நரம்புச் செல்லின் சவ்வுக்கு உள்ளே பொட்டாசியம் அதிகம், வெளியே சோடியம் அதிகம். இந்த ஏற்றத்தாழ்வுதான் அதன் பேட்டரி. ஒரு சமிக்ஞை போகும்போது வாயில்கள் திறக்கின்றன. சோடியம் உள்ளே பாய்கிறது, பொட்டாசியம் வெளியே போகிறது. பாய்வதற்குச் செலவே இல்லை, மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் ஓடுவது போலத்தான். மறுபடி மேட்டுக்கு ஏற்றுவதற்குத்தான் சக்தி வேண்டும். அந்த வேலையைச் செய்கிற பம்ப்பை 1957இல் டென்மார்க்கைச் சேர்ந்த யென்ஸ் ஸ்கோவ் அடையாளம் காட்டினார். செல் சக்தியைச் செலவழிக்கும் நாணயம் ஏடிபி என்ற மூலக்கூறு. அதில் ஒன்று செலவானால் மூன்று சோடியம் அயனிகள் வெளியே போகும், இரண்டு பொட்டாசியம் அயனிகள் உள்ளே வரும். மூளையின் சக்தியில் பெரும்பங்கு இப்படி ஓடிப்போனதைத் திரும்ப ஏற்றுவதிலேயே போகிறது. இதில் கனமான செலவு நடக்கும் இடம் சினாப்ஸ், அதாவது ஒரு நரம்புச் செல் இன்னொன்றோடு பேசும் முனை.

ஏடிபி எங்கே தயாராகிறது?

இரண்டு இடங்களில். குளுக்கோஸ் முதலில் செல்லின் திரவத்திலேயே உடைகிறது. அங்கே ஒரு குளுக்கோஸுக்கு நிகர லாபம் 2 ஏடிபி. மிச்சம் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய் ஆக்சிஜனோடு சேர்ந்து முழுதாக எரிந்தால் மொத்தம் சுமார் 30 கிடைக்கும். இரண்டு எங்கே, முப்பது எங்கே! நரம்புச் செல் மைட்டோகாண்ட்ரியாவை இவ்வளவு நம்பியிருப்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

மைட்டோகாண்ட்ரியா ஏடிபி செய்யும் விதத்தைப் பீட்டர் மிட்செல் 1961இல் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. 1978இல் அதற்கே நோபல் பரிசு வந்தது. உட்சவ்வின் ஒரு பக்கம் புரோட்டான்களைத் தேக்கி, அவை திரும்பப் பாயும் விசையில் ஒரு புரதச் சக்கரத்தைச் சுழற்றி ஏடிபி எடுக்கிறது. அணைக்கட்டில் மின்சாரம் எடுப்பது போலத்தான்.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1898இல் கார்ல் பெண்டா நூல், மணி என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து இந்தப் பெயரை வைத்தார். தமிழில் இழைமணி என்று சொல்பவர்கள் அதே பொருளைத்தான் சொல்கிறார்கள்; நல்ல சொல். நான் இங்கே பழக்கம் கருதி மைட்டோகாண்ட்ரியா என்றே எழுதுகிறேன்.

செல்லின் நடுப்பகுதியில் தயாரித்து, ஏடிபியை மட்டும் அனுப்பினால் போதாதா? மைட்டோகாண்ட்ரியா ஏன் பயணம் போக வேண்டும்?

இந்தக் கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று பதில் சொல்கிறேன்.

முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியில் ஒரு நரம்புச் செல் இருக்கிறது. அதன் உடல் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இராது. அதிலிருந்து கிளம்பும் ஆக்சான் என்ற இழை காலின் பாதம்வரை போகிறது: ஏறத்தாழ ஒரு மீட்டர். நடுவில் எங்கும் செல் மாறுவதில்லை, அத்தனையும் ஒரே செல். இவ்வளவு நீளமான நரம்புச் செல்லின் சரக்கில் 99 சதவீதத்துக்கும் மேல் ஆக்சானில்தான் இருக்கிறது.

கற்பனைக்கு எல்லாவற்றையும் பத்து லட்சம் மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு மைக்ரோமீட்டர் ஒரு மீட்டராகிவிடும். மைட்டோகாண்ட்ரியா ஒரு மேசை அளவுக்கு இருக்கும். செல்லின் உடல் ஒரு விளையாட்டு மைதானம். ஆக்சான் பத்து மீட்டர் அகலமுள்ள ஒரு சாலை. அதன் நீளம் ஆயிரம் கிலோமீட்டர்!

சரி, ஏடிபியைத் தானாகப் பரவ விட்டால் என்ன ஆகும்? தண்ணீரில் விட்ட மைத்துளி பரவுவதைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் சட்டென்று பரவும், தூரத்துக்குப் போக வெகுநேரம் எடுக்கும். காரணம், இந்தப் பரவலில் தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகிறது. ஏடிபி பத்து மைக்ரோமீட்டரைக் கடக்க ஒரு விநாடிகூட ஆகாது. ஒரு மில்லிமீட்டருக்கு அரை மணி நேரம் அளவில் ஆகும். ஒரு மீட்டருக்குப் பல பத்தாண்டுகள் ஆகிவிடும், அதுவும் வழியில் யாரும் எடுத்துச் செலவழிக்காமல் இருந்தால்.

ஆகவே ஏடிபியை அனுப்பிப் பயனில்லை. அதைச் செய்யும் ஆலையையே கொண்டுபோய்த் தேவைப்படும் இடத்தில் வைக்க வேண்டும். நரம்புச் செல் செய்வது அதைத்தான்.

உள்ளே ஏதோ நகர்கிறது என்று எப்போது தெரிந்தது?

1948இல் பால் வைஸ், ஹெலன் ஹிஸ்கோ என்ற இருவர் நரம்பைச் சுற்றி இறுக்கமாக ஒரு வளையம் போட்டுப் பார்த்தார்கள். செல் உடல் இருக்கும் பக்கத்தில் இழை வீங்கியது. வளையத்தை எடுத்ததும் தேங்கியது கீழ்நோக்கி நகர்ந்தது. நரம்பு வெறும் மின்கம்பி இல்லை, உள்ளே சரக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது என்பதற்கு அது தெளிவான சான்று. எளிமையான சோதனை. நரம்பியலில் எனக்குப் பிடித்தவற்றில் இதற்கு எப்போதும் இடம் உண்டு.

யார் சுமந்துகொண்டு போகிறார்கள்?

ஆக்சானுக்குள் மைக்ரோடியூபுல் என்ற நுண்குழல்கள் தண்டவாளம் போல நீளவாட்டில் கிடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் கூட்டல் முனை, கழித்தல் முனை என்று இரண்டு முனைகள். ஆக்சானில் எல்லாக் குழல்களும் ஒரே திசையைப் பார்க்கின்றன, கூட்டல் முனை வெளிப்பக்கம். டென்ட்ரைட்டுகளில், அதாவது செய்தியை வாங்கும் கிளைகளில், இரண்டு திசையும் கலந்து கிடக்கும்.

தண்டவாளத்தில் ஓடும் இயந்திரங்கள் புரதங்கள். 1985இல் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடல் ஆய்வுக்கூடத்தில் ரொனால்ட் வேல், தாமஸ் ரீஸ், மைக்கேல் ஷீட்ஸ் ஆகியோர் கணவாய் மீனின் பெரிய ஆக்சானை எடுத்துக்கொண்டார்கள். அந்த ஆக்சான் வெறும் கண்ணுக்கே தெரியும் அளவுக்குத் தடிமன். அதற்குள்ளிருக்கும் கூழைப் பிதுக்கி எடுத்து, சரக்கைத் தள்ளும் புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதற்குக் கைனசின் என்று பெயர் வைத்தார்கள். கைனசினுக்கு இரண்டு கால்கள் போன்ற பகுதிகள் உண்டு. ஒரு கால் மாற்றி ஒரு கால் வைத்து, அடிக்கு 8 நானோமீட்டர் வீதம், அடிக்கு ஒரு ஏடிபி செலவழித்து, கூட்டல் முனையை நோக்கி நடக்கிறது. எதிர்த்திசையில், செல் உடலை நோக்கி, டைனின் என்ற வேறொரு புரதம் இழுக்கிறது. ஒரே மைட்டோகாண்ட்ரியாவில் இரண்டும் சேர்ந்தே தொற்றிக்கொண்டிருப்பது சாதாரணம்.

சுமக்க வேண்டியது மைட்டோகாண்ட்ரியாதான் என்று கைனசினுக்கு எப்படித் தெரியும்?

அதற்குத் தெரியாது. நடுவில் கொக்கி வேண்டும். இதைக் கண்டுபிடிக்க உதவியது பழ ஈ. ஒரு குறிப்பிட்ட மரபணு பழுதான ஈக்களுக்குக் கண் தெரியவில்லை. கண்ணின் நரம்புச் செல்களைப் பார்த்தால், செல் உடலில் மைட்டோகாண்ட்ரியா வழக்கம் போல இருந்தது, ஆக்சானிலும் அதன் முனையிலும் ஒன்றுகூட இல்லை! ஆலைகள் எல்லாம் ஊர் எல்லையிலேயே தங்கிவிட்டன. 2002இல் தாமஸ் ஷ்வார்ஸின் குழு இதை வெளியிட்டது. பார்வையிழந்த ஆங்கிலக் கவிஞரின் நினைவாக அந்த மரபணுவுக்கு மில்டன் என்று பெயர். மனிதரில் அதன் உறவுப் புரதங்கள் டிராக்1, டிராக்2.

அப்புறம் மீரோ என்ற இன்னொரு புரதம் 2005இல் சேர்ந்தது. அது மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்விலேயே பதிந்திருக்கிறது. மீரோவை மில்டன் பிடிக்கிறது, மில்டனைக் கைனசின் பிடிக்கிறது, கைனசின் தண்டவாளத்தைப் பிடிக்கிறது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் பயணம் இல்லை.

எவ்வளவு வேகத்தில் போகும்?

ஓடும்போது விநாடிக்குச் சுமார் அரை மைக்ரோமீட்டர். சில சமயம் ஒரு மைக்ரோமீட்டரைத் தாண்டும். நம் பெரிதாக்கிய உலகில் ஒரு மேசையைச் சுமந்துகொண்டு மெதுவாக நடக்கும் வேகம். அதே வேகத்தில் நிற்காமல் போனால் ஒரு மீட்டரைக் கடக்க 23 நாள் ஆகும். ஆனால் நிற்காமல் போவதில்லை. கொஞ்சம் போகும், நிற்கும், சில சமயம் வந்த வழியே திரும்பும், மறுபடி கிளம்பும். ஆகவே உண்மையான பயணம் இதைவிட நீளமானது.

சுமப்பதற்கே சக்தி எல்லாம் போய்விடாதா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மீட்டர் என்பது 8 நானோமீட்டர் அடிகளில் 12.5 கோடி அடி. அதாவது ஒரு கைனசினுக்கு 12.5 கோடி ஏடிபி. பெரிய தொகையாகத் தெரியும். ஆனால் மூளைப் புறணியின் ஒரு நரம்புச் செல் ஓய்வில் இருக்கும்போதே விநாடிக்குச் சுமார் 470 கோடி ஏடிபி செலவழிப்பதாக ஒரு மதிப்பீடு இருக்கிறது. பல கைனசின்கள் சேர்ந்து இழுத்தாலும், நடுவில் திரும்பித் திரும்பிப் போனாலும், பல நாள் பயணத்துக்கு ஆகும் செலவு செல்லின் சில விநாடிச் செலவுக்குள் அடங்கிவிடும். சுமைகூலி மிக மலிவு.

எங்கே நிற்க வேண்டும் என்று எப்படித் தெரிகிறது?

பயணத்தைப் பற்றியே எல்லோரும் கேட்கிறார்கள். நிற்பதுதான் முக்கியம் என்பது என் கருத்து. வளர்ந்த நரம்புச் செல்லின் ஆக்சானைப் பார்த்தால், எந்த நேரத்திலும் மூன்றில் ஒரு பங்கு மைட்டோகாண்ட்ரியாவோ அதற்கும் குறைவாகவோதான் ஓடிக்கொண்டிருக்கும். மற்றவை ஓரிடத்தில் நின்று வேலை செய்கின்றன. சரியான இடத்தில் நிற்காத ஆலை எவ்வளவு வேகமாக ஓடி என்ன பயன்?

நிறுத்தும் சைகைகளில் நன்றாகத் தெரிந்தது கால்சியம். ஒரு சினாப்ஸ் மும்முரமாக வேலை செய்யும்போது அங்கே கால்சியம் உள்ளே நுழைகிறது. மீரோ புரதத்தில் கால்சியம் ஒட்டிக்கொள்ள இரண்டு இடங்கள் உண்டு. அங்கே கால்சியம் ஒட்டியதும் கைனசினின் பிடி விடுபடுகிறது, மைட்டோகாண்ட்ரியா நின்றுவிடுகிறது. 2008, 2009 ஆண்டுகளில் மூன்று குழுக்கள் தனித்தனியே இதைக் காட்டின. பிடி எங்கே விடுபடுகிறது என்பதில் மட்டும் கருத்து வேறுபட்டது. கைனசின் மீரோவை விட்டு விலகுகிறது என்றது ஒரு குழு. இல்லை, கைனசினின் கால் தண்டவாளத்தை விட்டு மீரோ பக்கம் மடங்கிக்கொள்கிறது என்றது இன்னொன்று. எப்படியானாலும் ஏற்பாடு எவ்வளவு நேர்த்தி பாருங்கள்: வேலை நடக்கும் இடம்தான் கால்சியம் ஏறும் இடம், அதுவே சக்தி தேவைப்படும் இடம். வேலையே ஆலையை நிறுத்திக்கொள்கிறது. யாரும் மேலிருந்து உத்தரவு போட வேண்டியதில்லை.

இரண்டாவது சைகை குளுக்கோஸ். குளுக்கோஸ் நிறையக் கிடைக்கும் இடத்தில் ஒரு நொதி மில்டன் புரதத்தின் மேல் சர்க்கரைத் துணுக்கு ஒன்றை ஒட்டுகிறது. அதனால் பயணம் நிற்கிறது. எரிபொருள் இருக்கும் இடத்தில் ஆலை தங்குகிறது. இது 2014இல் வெளிவந்தது.

மூன்றாவது, நிரந்தரமான நங்கூரம். சின்டாபிலின் என்ற புரதம் ஆக்சானில் உள்ள மைட்டோகாண்ட்ரியாவைத் தண்டவாளத்தோடு கட்டிப் போடுகிறது. 2008இல் சூ-ஹாங் ஷெங்கின் குழு இந்தப் புரதம் இல்லாத எலிகளை வளர்த்துப் பார்த்தது. ஓடும் மைட்டோகாண்ட்ரியாவின் பங்கு மூன்றில் ஒன்று என்பதிலிருந்து நான்கில் மூன்று என்று எகிறியது. ஓட்டம் கூடியதால் சினாப்ஸ் நன்றாக வேலை செய்ததா? இல்லை, அதன் நடத்தையே மாறிப்போனது. நிற்கும் மைட்டோகாண்ட்ரியா ஏடிபி செய்வதோடு, அதிகப்படியான கால்சியத்தை உறிஞ்சியும் வைக்கிறது. அது பக்கத்தில் இல்லாததால் கால்சியம் தேங்கி, அடுத்தடுத்து வரும் சமிக்ஞைகள் அளவுக்கு மீறி வலுத்தன.

அப்படியானால் ஒவ்வொரு சினாப்ஸிலும் ஒரு மைட்டோகாண்ட்ரியா இருக்குமா?

இருக்காது. நினைவோடு தொடர்புடைய மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸ் போன்ற இடங்களில் எண்ணிப் பார்த்ததில், அனுப்பும் முனைகளில் ஏறக்குறைய பாதியில் மைட்டோகாண்ட்ரியாவே இல்லை. அவை பக்கத்து முனையிலிருந்து பரவி வரும் ஏடிபியையும், தாங்களே குளுக்கோஸை உடைத்துச் செய்துகொள்ளும் ஏடிபியையும் வைத்து ஓட்டுகின்றன. சில மைக்ரோமீட்டர் தூரத்துக்குப் பரவல் போதும் என்று மேலே பார்த்தோம் அல்லவா, அது இங்கே கைகொடுக்கிறது.

பாதத்துக்குப் பக்கத்தில் நிற்கும் மைட்டோகாண்ட்ரியா பழுதானால் யார் சரிசெய்வது?

மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சொந்த டிஎன்ஏ உண்டு. மனிதரில் அது 16,569 எழுத்துகள், 37 மரபணுக்கள். 1981இலேயே முழுதாகப் படித்துவிட்டார்கள். ஆனால் அதில் புரதத்துக்கான குறிப்புகள் வெறும் 13. மைட்டோகாண்ட்ரியாவுக்கு வேண்டிய மற்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்களுக்கான குறிப்பு செல் உட்கருவில் இருக்கிறது. அந்த உட்கரு இருப்பதோ ஒரு மீட்டர் தூரத்தில்.

இதைச் சமாளிக்கச் செல் பல வழிகளைக் கையாள்கிறது. புதியவை வந்து பழையவற்றோடு இணைந்து நல்ல புரதங்களைப் பகிர்ந்துகொள்கின்றன, அப்புறம் பிரிகின்றன. சில புரதங்களுக்கான ஆர்என்ஏ நகல் ஆக்சானுக்கே அனுப்பப்பட்டு அங்கேயே புரதம் செய்யப்படுகிறது. ஓரளவு தேய்ந்தவை டைனின் இழுக்க, செல் உடலுக்குத் திரும்புகின்றன.

மிகவும் கெட்டுப்போனவற்றுக்குப் பிங்க்1, பார்க்கின் என்று இரண்டு புரதங்கள். நல்ல மைட்டோகாண்ட்ரியாவில் பிங்க்1 உள்ளே இழுக்கப்பட்டு அழிந்துகொண்டே இருக்கும். மைட்டோகாண்ட்ரியாவின் மின்னழுத்தம் விழுந்துவிட்டால் இழுக்க விசை இல்லை. பிங்க்1 வெளிச்சவ்விலேயே குவியும். அது பார்க்கினை அழைக்கும், பார்க்கின் "இதை அழித்துவிடு" என்று குறியிடும். இந்த இருவரும் முதலில் குறிவைப்பவற்றில் மீரோவும் ஒன்று. கொக்கி போனால் கெட்டுப்போனது மேற்கொண்டு எங்கும் ஓட முடியாது, நின்ற இடத்திலேயே அப்புறப்படுத்தப்படும்.

பார்வை நரம்பு தொடங்கும் இடத்தில் எலிகளில் இன்னொரு ஆச்சரியமும் காணப்பட்டது. நரம்புச் செல் தன் பழைய மைட்டோகாண்ட்ரியாவை வெளியே பிதுக்கிவிட, பக்கத்து ஆஸ்ட்ரோசைட் அதை விழுங்கிச் செரிக்கிறது.

பக்கத்துச் செல்கள் சக்தியும் கொடுக்குமா?

கொடுக்கும் என்பதற்கு நிறையச் சான்று இருக்கிறது. எவ்வளவு என்பதில்தான் சண்டை. ஆஸ்ட்ரோசைட் குளுக்கோஸை உடைத்து லாக்டேட்டாக்கித் தருகிறது, நரம்புச் செல் அதை மைட்டோகாண்ட்ரியாவில் எரிக்கிறது என்று 1994இல் பெல்லரினும் மஜிஸ்ட்ரெட்டியும் சொன்னார்கள். வேலை மும்முரமாகும்போது நரம்புச் செல் தானே நேரடியாகக் குளுக்கோஸைத்தான் அதிகம் எடுக்கிறது என்பவர்களும் உண்டு. அந்த விவாதம் ஓயவில்லை. ஆக்சானைச் சுற்றும் மயலின் உறை விஷயத்தில் எனக்குச் சந்தேகம் குறைவு. உறை ஆக்சானைப் பெரும்பகுதி மூடிவிடுவதால் வெளியிலிருந்து குளுக்கோஸ் எடுக்க இடமே சிறுத்துப்போகிறது. உறையைச் செய்யும் செல்களே லாக்டேட் கொடுத்து ஆக்சானைத் தாங்குகின்றன என்று 2012இல் வந்த ஆய்வுகள் காட்டின.

நரம்பு நோய்களுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? மரத்துப்போவது ஏன் கால் விரலில் தொடங்குகிறது?

தூரம்தான் காரணம். வழங்கல் எங்கே தடைப்பட்டாலும் முதலில் வாடுவது கடைமடை. உடலின் மிக நீளமான ஆக்சான்கள் பாதத்துக்குப் போகின்றன, ஆகவே அங்கே முதலில் மரத்துப்போகிறது. கால்களில் முழங்கால் அளவுக்கு ஏறிய பிறகு கைவிரல்களில் தொடங்கும். காலுறையும் கையுறையும் போட்ட மாதிரியான இந்தப் பாங்கு நீரிழிவு நோயாளிகளிடம் அதிகம் காணப்படுகிறது. அங்கே ரத்தக் குழாய்ச் சேதம் உட்பட வேறு காரணங்களும் கலந்திருக்கின்றன, ஆனால் நீளமான இழைக்குத்தான் முதல் அடி என்பது மாறுவதில்லை.

புற்றுநோய் மருந்துகள் இதை இன்னும் நேரடியாகக் காட்டுகின்றன. வின்கிறிஸ்டின் மைக்ரோடியூபுல்களைக் கலைக்கிறது, பாக்லிடாக்செல் அவற்றை அசையவிடாமல் இறுக்குகிறது. செல் பிரிவதைத் தடுக்கத்தான் அவற்றைக் கொடுக்கிறார்கள். நரம்புச் செல் பிரிவதில்லை, ஆனாலும் அதன் தண்டவாளம் அதே பொருள்தான். அதனால்தான் இந்த மருந்து எடுப்பவர்களுக்குக் கை கால் மரத்துப்போகிறது. இந்த அறிகுறி இருந்தால் மருத்துவரிடம் உடனே சொல்லிவிடுங்கள். அளவை மாற்றவோ இடைவெளி விடவோ அவரால் முடியும்.

மைட்டோகாண்ட்ரியா ஒன்றோடொன்று இணைய உதவும் எம்எஃப்என்2 என்ற மரபணுவில் கோளாறு இருந்தால் சார்கோ-மாரி-டூத் என்ற பரம்பரை நரம்பு நோயின் 2ஏ வகை வருகிறது. இந்தத் தொடர்பு 2004இல் தெரிந்தது. அதிலும் முதலில் தளர்வது பாதமும் கணுக்காலும்தான்.

லீபர் பார்வை நரம்பு நோயில் கோளாறு மைட்டோகாண்ட்ரியாவின் சொந்த டிஎன்ஏவிலேயே இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்தே வருவதால் இதுவும் தாய்வழியாகவே வரும். பெரும்பாலும் இளைஞர்களுக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ இரு கண்களிலும் நடுப்பார்வை போய்விடுகிறது. ஏன் பார்வை நரம்பு மட்டும்? கண்ணுக்குள் இருக்கும்வரை இந்த ஆக்சான்களுக்கு மயலின் உறை கிடையாது, ஒளிக்கு வழிவிட வேண்டுமே. உறை இல்லாத இழையில் சமிக்ஞை அனுப்பச் சக்தி அதிகம் செலவாகும். அதனால் அந்தத் துண்டில் மைட்டோகாண்ட்ரியா நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. அவையே பலவீனமாகப் பிறந்தால் அங்கேதான் அடி விழும்.

பார்க்கின்சன் நோயைச் சொல்லாமல் விட முடியாது. அதில் சாகும் செல்கள் டோபமைன் என்ற செய்திப் பொருளைச் சுரக்கும் நரம்புச் செல்கள். அவற்றின் ஆக்சான் மரம்போலக் கிளைத்துப் பரவுகிறது. கிளைகளை எல்லாம் சேர்த்தால் மனிதரில் நான்கு மீட்டருக்கு மேல், பத்து லட்சத்துக்கும் அதிகமான சினாப்ஸ்கள் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். ஒரே செல் இத்தனைக்கும் படியளக்க வேண்டும். 1982இல் கலிபோர்னியாவில் எம்பிடிபி என்ற வேதிப்பொருள் கலந்த போதைமருந்தை எடுத்த சில இளைஞர்கள் திடீரென்று பார்க்கின்சன் நோயாளிகளைப் போல உறைந்துபோனார்கள். பிறகு தெரிந்தது, அது உடலில் மாறி, மைட்டோகாண்ட்ரியாவின் சுவாசச் சங்கிலியில் முதல் கண்ணியை அடைக்கிறது என்று. இளம் வயதில் வரும் பரம்பரைப் பார்க்கின்சன் வகைகள் சிலவற்றில் கெட்டுப்போனவை மேலே சொன்ன பார்க்கின், பிங்க்1 மரபணுக்களே.

மாத்திரை சாப்பிட்டு மைட்டோகாண்ட்ரியாவை வலுப்படுத்தலாமா?

இந்தக் கேள்வி கவலையோடு வருகிறது, அதனால் நேராகவே சொல்கிறேன். கோஎன்சைம் க்யூ10, கிரியேட்டின் என்ற துணைச்சத்துகள் இரண்டையும் பார்க்கின்சன் நோயாளிகளிடம் பெரிய அளவில் சோதித்தார்கள். 2014, 2015 ஆண்டுகளில் முடிவுகள் வெளிவந்தன: நோயின் போக்கை இரண்டும் மாற்றவில்லை. லீபர் நோய்க்கு மட்டும் ஐடிபெனோன் என்ற மருந்துக்கு 2015இல் ஐரோப்பாவில் ஒப்புதல் கிடைத்தது. அதில் சிலருக்குப் பார்வை ஓரளவு மீள்கிறது. மற்றபடி "மைட்டோகாண்ட்ரியா சக்தி" என்று சொல்லி விற்பனைக்கு வரும் பொடிகளுக்குக் காசு கொடுக்க வேண்டாம். எரிபொருளைக் கூட்டுவதால் மட்டும் தண்டவாளமோ கொக்கியோ சரியாகிவிடாது.

வெட்டுப்பட்ட நரம்பு திரும்ப வளர இந்தப் பயணம் உதவுமா?

கை கால் நரம்புகள் வெட்டுப்பட்டால் ஆக்சான் நாளொன்றுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வளரும். தொடையில் வெட்டுப்பட்டுப் பாதம்வரை 80 சென்டிமீட்டர் போக வேண்டுமானால் இரண்டு ஆண்டுக்கும் மேல் ஆகும். வளரும் முனைக்குச் சக்தி நிறைய வேண்டும். ஆனால் வெட்டுப்பட்ட இடத்தில் நிற்கும் மைட்டோகாண்ட்ரியாவோ காயத்தில் பழுதாகி, நங்கூரம் போட்டபடியே கிடக்கிறது. 2016இல் ஷெங்கின் குழு, முன்பு சொன்ன சின்டாபிலின் இல்லாத எலிகளின் சியாட்டிக் நரம்பை, அதாவது இடுப்பிலிருந்து காலுக்குப் போகும் பெரிய நரம்பை, நசுக்கிப் பார்த்தது. நங்கூரம் இல்லாததால் பழுதானவை விலகி நல்லவை வந்து சேர முடிந்தது. ஆக்சான் சாதாரண எலிகளில் வளர்வதைவிட நன்றாக வளர்ந்தது. சினாப்ஸின் நடத்தையைக் குலைத்த அதே மாற்றம் இங்கே உதவியாக இருக்கிறது. ஆகவே இப்போது தேடப்படுவது, காயம் ஆறும் காலத்தில் மட்டும், அந்த நரம்பில் மட்டும் நங்கூரத்தைத் தளர்த்தி, வளர்ந்து முடிந்ததும் திரும்பப் போடும் ஒரு வழி.